யோசேப்புக்கு இல்லாத வினைச்சொல்

அட்டன்பரோ என்ற பெயரை நான் முதலில் பார்த்தது திருநெல்வேலியில், ஒரு சினிமாத் திரையில். 1983ஆம் வருஷம். ‘காந்தி’ படம் ஊருக்கு வந்திருந்தது. சினிமாக் கொட்டகைப் பக்கம் எட்டியும் பார்க்காத என் அப்பா, காந்தி என்றதால் வெளுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு என்னோடு பஸ் ஏறினார். நாசரேத் பக்கத்தில் ஒரு சின்னக் கிராமத்துச் சபையில் அவர் உபதேசியார். டைரக்டர் பெயர் திரையில் வந்ததும் என் காதருகே குனிந்து, “இது என்னடே பேரு? வாய்க்குள்ள நுழைய மாட்டேங்கு” என்றார்.

மூன்று வருஷம் கழித்து இங்கிலாந்துக்கு, லெஸ்டர் நகரத்துக்கு வந்தேன். ஆஸ்பத்திரியில் ரத்த வங்கி ஆய்வகத்தில் வேலை. ஓய்வு பெறும்வரை அங்கேதான். வந்த முதல் மாதமே அந்தப் பெயர் பதினெட்டு மாடி உயரத்துக்கு எதிரே நின்றது. பல்கலைக்கழக வளாகத்தில் அட்டன்பரோ கோபுரம். ‘காந்தி’ எடுத்த ரிச்சர்டுக்கும், காட்டு விலங்குகளை உலகத்துக்கே காட்டிய டேவிட்டுக்கும் தகப்பனார் ஃபிரெட்ரிக் அட்டன்பரோ. 1932 முதல் 1951 வரை அங்கே கல்லூரி முதல்வர். பிள்ளைகள் வளர்ந்தது அந்த வளாகத்து வீட்டில்தான்.

அந்தக் கோபுரத்தில் அப்போது ஒரு விசித்திரமான லிப்ட் இருந்தது. கதவு கிடையாது. பெட்டி பெட்டியாக ஒரு பக்கம் ஏறிக்கொண்டும் மறுபக்கம் இறங்கிக்கொண்டும் நிற்காமல் சுற்றும். ஓடும்போதே காலை வைத்து ஏற வேண்டும், ஓடும்போதே இறங்க வேண்டும். ‘பாட்டர்நாஸ்டர்’ என்று அதற்குப் பெயர். கத்தோலிக்கரின் ஜெபமாலை மணிகள் போலச் சுற்றி வருவதால் வந்த பெயர். லத்தீனில் ‘எங்கள் பிதாவே’ என்று அர்த்தம். சில வருஷங்களுக்கு முன் நிறுத்திவிட்டார்கள். முதல் தடவை அதில் கால் வைக்கும்போது எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. தகப்பன் என்ற சொல் எங்கே கேட்டாலும் என் மனது கொஞ்சம் நின்றுதான் நகரும். அதற்குக் காரணம் இருக்கிறது. சொல்கிறேன்.

லெஸ்டருக்கு வடக்கே, நாட்டிங்ஹாம் போகும் ரயில் பாதையில் அட்டன்பரோ என்றே ஒரு ஊர் இருக்கிறது. டிரென்ட் ஆற்றங்கரை. சரளைக்காகத் தோண்டிய பள்ளங்களில் தண்ணீர் நின்று ஏரிகளாகி, இப்போது பறவைச் சரணாலயம். 1966இல் அதைத் திறந்துவைத்தவர் டேவிட் அட்டன்பரோ. ஏரியை ஒட்டி மரியாள் பெயரில் ஒரு பழைய கோயில். மன்னனை எதிர்த்த உள்நாட்டுப் போரில் ஆலிவர் கிராம்வெல்லின் மருமகனாகவும் தளபதியாகவும் இருந்த ஹென்றி அயர்டன் இந்த ஊர்க்காரர், 1611இல் பிறந்தவர். ஒரு சனிக்கிழமை அங்கே போய், கோயில் சுவருக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, முக்குளிப்பான் தண்ணீருக்குள் போவதும் நாம் எதிர்பாராத இடத்தில் தலை தூக்குவதுமாக இருந்ததை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பெயர் எப்படி வந்தது என்பதற்கு இரண்டு விளக்கம் உண்டு. ஒன்று, இந்த ஊரிலிருந்து போனவன் அட்டன்பரோ. இன்னொன்று, பழைய ஆங்கிலத்தில் கோட்டை, அரண் உள்ள இடத்துக்கு ‘பர்ஹ்’ என்பார்கள். ‘அட்டன்’ என்றால் ‘அருகில்’, ‘இன்ன இடத்தில்’. கோட்டையோரத்தில் குடியிருந்தவன் என்று பொருள். எனக்கு முதல் விளக்கம் பிடிக்கும். அதில் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. ஒரு ஊருக்குள்ளேயே இருப்பவனை யாரும் அந்த ஊர்ப் பெயரால் கூப்பிட மாட்டார்கள். திருச்செந்தூரில் எல்லாருமே திருச்செந்தூர்க்காரர்கள்தான். அதைச் சொல்லி யாரை அடையாளம் காட்டுவது? சென்னைக்கு வந்த பிறகுதான் அவன் திருச்செந்தூர்க்காரன். ஊர்ப் பெயர் ஒட்டிக்கொள்வது ஊரைவிட்டுப் போனவன்மேல். ஆக, ஊரால் வந்த குடும்பப் பெயர் எல்லாமே ஒரு பிரிவின் தழும்பு.

ஆனால் அட்டன்பரோக்கள் வெகுதூரம் போகவில்லை. 1066இல் நார்மானியர் வந்த பிறகு மெல்ல மெல்லப் பரவி, 1400 வாக்கில் சாதாரணக் குடியானவனுக்கும் நிலைத்துவிட்டது குடும்பப் பெயர். அதிலிருந்து நூற்றாண்டுகள் கடந்தும் அட்டன்பரோக்கள் பெரும்பாலும் நாட்டிங்ஹாம்ஷயரிலும் அதை ஒட்டிய டெர்பிஷயரிலுமே இருந்தார்கள். ஃபிரெட்ரிக் 1887இல் பிறந்தது ஸ்டேபிள்ஃபோர்டில். அட்டன்பரோ கிராமத்திலிருந்து சில மைல்தான். ஒரு பெயர் பல நூறு வருஷம் நடந்து கடந்த தூரம் அவ்வளவு. பிறகு ஒரே தலைமுறையில் திருநெல்வேலித் திரைவரைக்கும் வந்துவிட்டது. எழுத்து மட்டும் கணக்குப்பிள்ளைக்குக் கணக்குப்பிள்ளை மாறியிருக்கிறது. அட்டன்பரோ, அட்டன்பர்ரோ, அட்டன்போரோ. காதில் விழுந்ததை எழுதினார்கள்.

இதை ஆராய்ந்தவர்கள் எங்கள் லெஸ்டர்க்காரர்களே. 1984இல் அலெக் ஜெஃப்ரீஸ் மரபணுக் கைரேகையைக் கண்டுபிடித்த அதே பல்கலைக்கழகத்தில் டூரி கிங், மார்க் ஜாப்லிங் என்ற இருவர், 40 குடும்பப் பெயர்கள் கொண்ட 1,678 ஆண்களின் ஒய் குரோமோசோமைப் பரிசோதித்தார்கள். 2009இல் முடிவுகள் வந்தன. ஒய் குரோமோசோம் தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். இங்கிலாந்தில் குடும்பப் பெயரும் அதே வழிதான். இரண்டும் சேர்ந்து நடக்கிறதா என்பதுதான் கேள்வி. ஸ்மித் போன்ற பெயரில் ஒரு ஒற்றுமையும் இல்லை; கொல்லன் எல்லா ஊரிலும் இருந்தான். அரிய பெயர்களில் கதை வேறு. அட்டன்பரோக்களில் பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேரிடம் ஒரே வகை ஒய் குரோமோசோம், எழுத்து எப்படி மாறியிருந்தாலும்.

அப்படியானால் எல்லாரும் ஒரே ஆதித் தகப்பனின் பிள்ளைகள், முதலில் இருந்ததும் ஒரே அட்டன்பரோதான் என்று சொல்லத் தோன்றும். அந்த முடிவுக்குத்தான் அவசரப்படக் கூடாது. 1873இல் ஃபிரான்சிஸ் கால்டன் ஒரு கணக்கை முன்வைத்தார்: ஒவ்வொரு ஆணுக்கும் இத்தனை மகன்கள் பிறக்க இத்தனை வாய்ப்பு என்றால், ஒரு குடும்பப் பெயர் அழிந்துபோக எத்தனை வாய்ப்பு? அதைப் போட்டுப் பார்த்தவர் ஹென்றி வாட்சன். கணித அறிஞர், பிறகு கோவென்ட்ரி அருகே பெர்க்ஸ்வெல் கிராமத்தில் குருவானவர். எல்லாப் பெயருமே கடைசியில் அழிந்துவிடும் என்று முடித்தார். அதில் ஒரு பிசகு இருந்தது, பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். ஆனால் அடிப்படை சரி. மகள்கள் மட்டுமே பிறந்த வீட்டில் பெயர் நின்றுவிடும். அப்படி வீடு வீடாக நின்றுபோய், பல ஆதித் தகப்பன்களில் ஒருவனுடைய வழி மட்டும் தப்பிப் பிழைத்திருக்கலாம். இன்று திரும்பிப் பார்க்கிறவனுக்கு அவன் ஒருவனே தெரிவான். மற்றவர்களும் வாழ்ந்தார்கள், பெண்களைக் கட்டிக்கொடுத்தார்கள், அவர்கள் ரத்தம் வேறு வேறு பெயர்களுக்குள் இன்றும் ஓடுகிறது. பத்துத் தலைமுறை பின்னால் போனால் நமக்கு 1,024 முன்னோர் இடம். அதில் பெயர் தந்தவர் ஒருவர். மீதி 1,023 பேரை என்ன செய்வது?

சொல்ல வந்தது இனிமேல்தான். அந்த லெஸ்டர் ஆய்வில் இன்னொரு கணக்கும் உண்டு. பெயர் ஒரு வழியாகவும் ரத்தம் வேறு வழியாகவும் பிரிந்துபோவது தலைமுறைக்கு நூற்றுக்கு ஒன்றிலிருந்து நாலரை வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். சின்ன எண்தானே என்று தோன்றும். பென்சில் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். நூற்றுக்கு ஒன்று என்றே வைத்தாலும், இருபது தலைமுறையில் நூறு வழிகளில் பதினெட்டு எங்கோ ஓரிடத்தில் அறுந்திருக்கும். நாலரை என்றால் அறுபது.

அறுந்த இடத்துக்கு அறிவியல் வைத்திருக்கும் சொல்லைத் தமிழில் சொன்னால் ‘தகப்பன் அல்லாமை’. அந்தச் சொல்லை நான் ஒத்துக்கொள்வதில்லை. அறுந்த இடம் என்றதும் எல்லாரும் கள்ளத்தனத்தையே நினைக்கிறார்கள். அங்கே தத்துப்பிள்ளை இருப்பான். தாயின் பெயரையே எடுத்துக்கொண்ட பிள்ளை இருப்பான். தனியாக நின்ற ஒருத்தியைக் கட்டிக்கொண்டு, அவள் இடுப்பில் இருந்த குழந்தைக்கும் தன் பெயரைக் கொடுத்த மனிதர் இருப்பார்.

அப்படி ஒருவர்தான் என் அப்பா.

நான் பிறந்தபோது என்னைப் பெற்றவர் எங்கள் வீட்டில் இல்லை. அவர் யார் என்று அம்மா கடைசிவரை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்கு மூன்று வயதானபோது உபதேசியார் அம்மாவைக் கட்டிக்கொண்டார். சபையில் பேசினார்கள். அவர் ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல மணியடித்தார். இனிஷியல் இல்லாத பிள்ளை என்பது எங்கள் பக்கத்தில் ஒரு வசை. அது அடிக்கும் அளவுக்குப் பிரம்படி வலிக்காது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்று வாத்தியார் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, “இனிஷியல் என்ன போடட்டும் உபதேசியாரே?” என்றார். அப்பா தன் எழுத்தைச் சொன்னார். வாத்தியார் குரலைத் தாழ்த்தி, “இல்ல, பையனுக்கு உள்ளது…” என்று இழுத்தார். “அதத்தான் சொன்னேன் சார்” என்றார் அப்பா, அதே எழுத்தை மறுபடியும் சொல்லி. மேஜை விளிம்பைப் பிடித்திருந்த அவருடைய விரல்கள் என் கண் மட்டத்தில் இருந்தன. நகத்தில் சுண்ணாம்பு. கிறிஸ்துமஸுக்குக் கோயிலுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை.

அந்தக் கிறிஸ்துமஸில்தானோ அடுத்ததிலோ, மத்தேயு முதல் அதிகாரத்தை அவர் வாசித்தது எனக்கு நினைவிருக்கிறது. வம்ச அட்டவணை. பெரியவர்களுக்கே தூக்கம் வரும் பகுதி. ஆபிரகாமில் தொடங்கி ஒவ்வொரு பெயருக்கும் ‘பெற்றான்’, ‘பெற்றான்’ என்று ஒரே வினைச்சொல். ஏறக்குறைய நாற்பது தடவை. பறை அடிப்பது மாதிரி விழும். கடைசியில் யோசேப்பு. அங்கே அது நின்றுவிடும். யோசேப்பை அவன் தகப்பன் பெற்றான். யோசேப்பு பெற்றான் என்று மத்தேயு எழுதவில்லை. மரியாளுடைய புருஷன் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார். லூக்காவோ யோசேப்பின் மகன் என்று ‘எண்ணப்பட்டவர்’ என்கிறார்.

இத்தனை தலைமுறை தாவீதின் ரத்தத்தை எண்ணிக்கொண்டு வந்து, கடைசிப் படியில் அந்த ரத்தம் இல்லை என்று தானே ஒப்புக்கொள்கிற அட்டவணையை எதற்கு எழுத வேண்டும்? சிறுவயதிலிருந்தே இதை யோசித்திருக்கிறேன். பதில் அதே அதிகாரத்தில் சில வசனம் தள்ளி இருக்கிறது. பிள்ளைக்கு இயேசு என்று பெயரிடும்படி தூதன் யோசேப்பிடம் சொல்கிறான். அதிகாரம் முடிவதும் யோசேப்பு பெயரிட்டதோடுதான். ‘பெற்றான்’ இருந்திருக்க வேண்டிய இடத்தில் ‘பேரிட்டான்’ வந்து நிற்கிறது. மத்தேயுவுக்கு அது போதுமானதாக இருந்திருக்கிறது. தாவீதின் குமாரன் என்று குருடர்கள் தெருவில் கூப்பிட்டது அந்தப் பேரிட்ட மனிதன் வழியாகத்தான். பெறுவது நடந்துவிடுகிற காரியம். பேரிடுவது ஒருவன் எழுந்து நின்று, நாலு பேர் காதுபடச் செய்கிற காரியம். இரண்டாவதை வேதம் முதலாவதற்குக் கீழே வைக்கவில்லை.

பவுலும் அப்படியே. தேவனுக்கு நாம் பிள்ளைகளான விதத்துக்கு அவர் எடுத்த சொல்லை எங்கள் வேதாகமம் ‘புத்திரசுவிகாரம்’ என்கிறது. தத்தெடுப்பு. ரோமச் சட்டத்தில் தத்துப்பிள்ளை முழுப் பிள்ளை. பெயரும் சொத்தும் அவனுக்கு. ஜூலியஸ் சீசரின் பெயரை வைத்துக்கொண்டு உலகை ஆண்ட அகஸ்டஸ் அவருக்குத் தத்துப்பிள்ளைதான். எபேசியருக்கு எழுதும்போது பவுல் இன்னும் ஒரு படி போய், எல்லாக் குடும்பத்துக்கும் பெயர் வந்த இடம் பிதா என்கிறார். அப்படிப் பார்த்தால் ஒரு பெயரும் யாருடைய சொந்தப் பொருளும் இல்லை. எல்லாம் கைமாறி வந்தது. நம் பாஷையும் இதை அறிந்திருக்கிறது. ‘பேரன்’ என்பது ‘பெயரன்’, தாத்தாவின் பெயரைச் சுமப்பவன். மகள் வயிற்றுப் பிள்ளையையும் அதே சொல்லால்தான் கூப்பிடுகிறோம்.

இதே லெஸ்டர்க் குழு 2007இல் இன்னொரு செய்தி வெளியிட்டது. யார்க்‌ஷயர் கிழக்குப் பகுதிக்கே உரிய ஓர் அரிய குடும்பப் பெயர். அந்தப் பெயர் கொண்ட ஒருவரிடம், அதுவரை மேற்கு ஆப்பிரிக்கர்களிடம் மட்டுமே கண்ட ஒய் குரோமோசோம் இருந்தது. அதே பெயருள்ள 18 பேரைச் சோதித்ததில் 7 பேரிடம் அது. பழைய பதிவேடுகளில் தேடிப்போனால் இரண்டு கிளைகள், இரண்டும் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் யார்க்‌ஷயரில் வாழ்ந்தவர்களில் போய் முடிகின்றன. அதற்கும் முன்னால் எப்போதோ ஒரு ஆப்பிரிக்கர் அங்கே வந்திருக்கிறார். அடிமையாகவோ, மாலுமியாகவோ, யார் கண்டது. அவர் பெயர் மறைந்துபோயிற்று, ரத்தம் ஒரு யார்க்‌ஷயர்ப் பெயரின் மடிக்குள் தங்கிவிட்டது. கட்டுரையில் அந்தப் பெயரை வெளியிடவில்லை. அவ்வளவு அரிய பெயர், சொன்னால் ஆளைச் சொன்னதாகிவிடும். அந்த அடக்கம் எனக்குப் பிடித்திருந்தது. கூண்டில் நிறுத்தாமல் ஒரு குடும்பத்தின் ரகசியத்தைக் கையாள முடியும் என்று காட்டினார்கள்.

ரத்தம் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. வாழ்நாளெல்லாம் ரத்தப் பையில் லேபிள் ஒட்டியவன் அப்படிச் சொல்ல முடியாது. நாற்பத்தைந்து வயதில் டாக்டர் என்னிடம், உங்கள் அப்பாவுக்கு நெஞ்சுவலி உண்டா என்று கேட்டார். இல்லை டாக்டர், எழுபத்தெட்டு வயதுவரை சைக்கிள் மிதித்தார் என்றேன், பெருமையாக. வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது, கேள்வி அவரைப் பற்றியது இல்லை என்று. மறுநாள் போன் செய்து, தெரியாது என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன். ‘தெரியாது’ என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லும்போது தொண்டை அடைத்தது. அந்த வலி உண்மை. அதை மறைத்துவிட்டு வேதம் பேச எனக்கு மனமில்லை.

ஃபிரெட்ரிக் அட்டன்பரோவிடம் திரும்ப வருகிறேன். பழைய ஆங்கில மன்னர்களின் சட்டங்களைப் பதிப்பித்த அறிஞர் அவர். தன் பெயருக்குள் இருந்த ‘பர்ஹ்’ என்ன என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். 1939இல் பெர்லினிலிருந்து தப்பி வந்த யூதச் சிறுமிகள் இருவர், அக்காள் தங்கை, அமெரிக்காவில் உறவினரிடம் போகும் வழியில் அவர் வீட்டில் தங்கினார்கள். போர் மூண்டது, கப்பல் இல்லை. ஏழு வருஷம் அங்கேயே வளர்ந்தார்கள். ஃபிரெட்ரிக்கும் மனைவி மேரியும் தங்கள் மூன்று மகன்களிடமும், அந்தப் பெண்களுக்கு யாரும் இல்லை, உங்களைவிட அவர்களுக்குக் கூடுதலாக அன்பு கொடுக்க வேண்டியிருக்கும் என்று சொன்னார்களாம். அந்த முடிவு தன் வாழ்க்கையையே உருவாக்கியது என்று ரிச்சர்ட் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்களுக்கு அட்டன்பரோ என்று பெயர் மாற்றவில்லை. அவர்களைப் பெற்றவர்கள் கொடுத்த பெயரை அப்படியே விட்டுவைத்தார்கள். எந்த ஒய் குரோமோசோமிலும் அவர்கள் தெரிய மாட்டார்கள், எந்தப் பெயர் வரைபடத்திலும் தெரிய மாட்டார்கள். ஆனால் நான் திருநெல்வேலியில் அப்பாவோடு பார்த்த அந்தப் படத்தில், எங்கோ அவர்கள் இருந்தார்கள் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

இங்கே வருவதற்கு எனக்குப் பாஸ்போர்ட் எடுத்தபோது குடும்பப் பெயர் என்ற கட்டம் ஒன்று இருந்தது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியலை விரித்து அப்பாவின் பெயரை எழுதினேன். விவிலியப் பெயர்தான், ஆனால் எங்கள் ஊர் உச்சரிப்பில். எழுதிக்கொடுத்தவர் ஆங்கிலத்தில் ஒரு எழுத்தைக் கூடுதலாகப் போட்டுவிட்டார். திருத்தப் பயந்து அப்படியே விட்டேன். இங்கே வந்தபின் அது என் மனைவிக்குப் பெயராயிற்று, பிள்ளைகளுக்குப் பெயராயிற்று. எனக்குத் தெரிந்து அந்த எழுத்துக் கூட்டலில் உலகத்தில் ஒரே குடும்பம்தான். அதனால்தான் நானும் அதை இங்கே எழுதவில்லை.

போன மாசி மாதம் பேரன் பிறந்தான். மருமகள் படுக்கையில் இருந்ததால், பிறப்பைப் பதிய மகனோடு நான் போனேன். பதிவாளர் ஒரு அம்மாள். ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டுத் தட்டினார். பிறகு, கையெழுத்துப் போட்டபின் திருத்துவது கஷ்டம், நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். மகன் குனிந்து படித்தான். அந்தக் கூடுதல் எழுத்து அங்கே இருந்தது. “அப்பா, சின்ன வயசுல நீங்க சொல்லுவீங்களே, இதுல ஒரு எழுத்து தப்புன்னு. இப்ப வேணும்னா மாத்திடலாமா?” என்றான். என் கை மேஜை விளிம்பில் இருந்தது.

“வேண்டாம்டே. சரியாத்தான் இருக்கு” என்றேன்.